ராகு காலம் முடிந்து வந்த கடிதங்கள்

எங்கள் திருமணத் தகவல் நிலையம் இணையத்தளத்தை மூடிவிட்டு முழுக்கக் கைப்பேசிச் செயலிக்கு மாறப் போகிறது. அதையொட்டி ஒரு சிறப்பு மலர் போடுகிறார்கள். இப்போதைய நிர்வாகி போன் அடித்து, "வெப்சைட்ட மொத நாள்லேருந்து பார்த்துக்கிட்டது நீங்கதான் மேடம். ஏதாச்சும் எழுதிக் குடுங்க, ரெண்டு பக்கம் போதும்" என்றார். இரண்டு பக்கத்தில் நிறுத்துவது எனக்கு வராத வித்தை. அவர் வெட்டிக்கொள்ளட்டும் என்று எழுத உட்கார்ந்துவிட்டேன்.

நான் மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைத்த வருஷம் பிறந்தவள். நாட்டுக்கும் எனக்கும் ஒரே வயது என்று சொல்லிச் சொல்லியே வயதை மறைக்க முடியாமல் போனவள். அப்பா ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். எனக்குத் தட்டச்சுச் சொல்லிக் கொடுத்தால் வெயிலில் நிற்க வேண்டியதில்லை என்று நினைத்தார், அப்படியே ஆயிற்று. மலாக்கா டவுனில் ஒரு வக்கீல் அலுவலகத்தில் பல வருஷம் தட்டினேன். பிறகு கம்ப்யூட்டர் வந்தது, மாலை வகுப்புக்குப் போய் அதையும் கற்றுக்கொண்டேன். வக்கீல் ஓய்வு பெற்றதும் காஜா பெராங்கில் இருந்த திருமணத் தகவல் நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். கார் உதிரிப்பாகக் கடைக்கு மேல் மாடி. கீழே டயர் கழற்றும் சத்தம், மேலே ஜாதகப் பொருத்தம்.

நிலையத்தை நடத்தியவர் புவனேஸ்வரி அக்கா. எல்லோருக்கும் புவனா அக்கா. பருமனான உடம்பு, பெரிய பொட்டு, வாய் ஓயாது. சிரித்துக்கொண்டே திட்டுவார், திட்டிக்கொண்டே டீ வாங்கிக் கொடுப்பார். தமிழ் மறந்து மலாயே வீட்டு மொழியாகிப்போன கம்போங் செட்டிக் குடும்பங்கள் வந்தால் மலாயில் பேசுவார், தோட்டத்துக் குடும்பங்கள் வந்தால் தமிழில் பேசுவார், படித்த மாப்பிள்ளை வந்தால் மட்டும் ஆங்கிலமே தெரியாதது போல் இருப்பார். "அவங்க என்னா பேசிக்கிறாங்கன்னு கேக்கலாம்லா" என்பது அவர் வாதம். ஆள் உள்ளே வந்து உட்கார்வதற்குள் பாதி விஷயத்தைக் கண்டுபிடித்துவிடுவார்.

அவரிடம் ஒரு சட்டம் இருந்தது. நிலையத்துக்கு வந்த எந்த ஜாதகத்துக்கும் ஒரு வாரத்துக்குள் பதில் போயாக வேண்டும். பொருந்தவில்லை என்றால் பொருந்தவில்லை என்றாவது எழுத வேண்டும். ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று சேர்ந்த புதிதில் கேட்டேன்.

"பதில் வராத வீட்டுல நான் உக்காந்திருக்கேன் தனம்" என்றார். "மூணு தீபாவளி. வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா எங்கம்மா நிம்மதியா செத்திருக்கும்."

சொல்லிவிட்டு அன்றைய ஜாதகக் கட்டை என் பக்கம் தள்ளினார்.

இணையத்தளம் தொடங்கலாம் என்ற யோசனை அவருடையதுதான். சிங்கப்பூரிலும் ஆஸ்திரேலியாவிலும் இருக்கும் நம் பிள்ளைகள் அங்கிருந்தே பார்க்கலாமே என்றார். கோலாலம்பூரில் ஒரு சிறிய கம்பெனி தளத்துக்கு இடம் வாடகைக்குக் கொடுத்தது. அங்கே எங்கள் கணக்கைப் பார்த்துக்கொண்டவர் வோங் என்ற சீன இளைஞர். பக்கங்களை எழுதுவதும் மின்னஞ்சலைப் பார்ப்பதும் என் வேலை. வெப்சைட் என்றால் என்ன என்று முழுதாகத் தெரியாமலே அதற்குக் காவல்காரியானேன்.

முதல் பக்கத்தில் என்ன போடுவது என்று பேச்சு வந்தது. கோயில் திருவிழா நோட்டீஸைப் பார்த்திருப்பீர்கள். தலைவர், துணைத்தலைவர், செயலாளர், பொருளாளர், செயலவை உறுப்பினர்கள் என்று ஒருவர் விடாமல் பெயர் இருக்கும். ஒரு பெயர் விட்டுப் போனால் அடுத்த வருஷம் அவர் உபயம் தர மாட்டார். புவனா அக்கா தளத்தையும் நோட்டீஸாகத்தான் பார்த்தார். ஆலோசகர்கள், ஜோதிடர், செமாபோக் வட்டாரப் பிரதிநிதி, புக்கிட் பாரு வட்டாரப் பிரதிநிதி என்று எல்லோருடைய பெயரையும் வரிசைப்படி போட்டு, ஒவ்வொரு பெயருக்கும் கீழே அவரவர் மின்னஞ்சல் முகவரியையும் போடச் சொன்னார். போட்டேன். எல்லோருக்கும் ஏகப்பட்ட சந்தோஷம். ஜோதிடர் தன் பெயர் இருக்கும் பக்கத்தை அச்சடித்துக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டினார்.

சில வாரத்தில் குப்பை வந்து கொட்டத் தொடங்கியது. தலைமுடி வளர மருந்து, உடம்பு இளைக்க மருந்து, ஆண்மைக்கு மருந்து, லாட்டரிப் பரிசு, ஆப்பிரிக்காவில் விதவையான ஒரு மந்திரியின் மனைவி. காலையில் பெட்டியைத் திறந்தால் நல்ல கடிதத்தை அரிசியில் கல் பொறுக்குவது போலப் பொறுக்க வேண்டியிருந்தது. இதில் எங்கள் தொழிலுக்கே உரிய ஒரு சங்கடம் இருந்தது. வேறு கம்பெனிக்கு "நான் தனிமையில் வாடும் இருபத்தெட்டு வயதுப் பெண், நல்ல துணை தேடுகிறேன், புகைப்படம் இணைத்துள்ளேன்" என்று ஒரு கடிதம் வந்தால் கண்ணை மூடிக்கொண்டு அழித்துவிடலாம். எங்களுக்கு வரும் நல்ல கடிதமும் அப்படித்தான் இருக்கும்.

புவனா அக்கா ஒரு நாள் ஒரு கடிதத்தை அச்சடித்துக்கொண்டு என் மேசைக்கு வந்தார்.

"தனம், இந்தப் பொண்ணு பேரு நடாஷாவாம். போட்டோ அனுப்பியிருக்கு. பார்க்க நல்லாதான் இருக்கு. ஜாதகம்தான் இல்ல. எந்த ஊருன்னு எழுதிக் கேளு."

"அக்கா, அது பொண்ணே இல்லக்கா. ஸ்பேம்."

"ஸ்பேம்னா?"

"குப்பை லெட்டர். ஆயிரம் பேருக்கு ஒரே லெட்டர அனுப்புவாங்க."

"நம்ம ஆளுங்க மட்டும் என்னாவாம்? ஒரே ஜாதகத்த நாப்பது வீட்டுக்கு அனுப்பல?"

 பிறகுதான் இன்னொன்று தெரிந்தது. சட்டம் சட்டம்தானே என்று அக்கா எனக்குத் தெரியாமல் அந்தக் குப்பைக்கெல்லாம் பதில் போட்டுக்கொண்டிருந்தார். "தங்கள் கடிதம் கிடைத்தது. தற்போது எங்களுக்குத் தேவையில்லை. வாழ்க வளமுடன்." தலைமுடி மருந்துக்காரனுக்கும் அதே பதில், மந்திரியின் விதவைக்கு மட்டும் அனுதாபத்தோடு இரண்டு வரி கூடுதல். பதில் போடுவது எந்த வீட்டுக் கதவைத் தட்டினால் திறப்பார்கள் என்று திருடனுக்குக் காட்டிக்கொடுப்பது மாதிரி என்று வோங் போனில் விளக்கிச் சொன்ன பிறகுதான் நிறுத்தினார். அரை மனதோடுதான் நிறுத்தினார். "அந்த விதவை நெஜமா இருந்தா பாவம்லா" என்று அன்று முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அடுத்த வேலை முகவரிகளை எடுப்பது. தளங்களை மேய்ந்து முகவரிகளைத் திரட்டவே புரோகிராம்கள் இருக்கின்றன, முகவரியைத் திறந்த பக்கத்தில் எழுதி வைத்தால் வாசலில் சோறு கொட்டி வைத்த மாதிரி என்று வோங் சொன்னார். எடுப்பது ஒரு நிமிஷ வேலைதான். எடுத்த பிறகு வந்த போன்களுக்குப் பதில் சொல்வதற்குத்தான் நாள் போதவில்லை. புக்கிட் பாரு பிரதிநிதி, "என்னா தப்பு செஞ்சேன், பேர எடுத்துட்டீங்க?" என்று நேரிலேயே வந்துவிட்டார். பெயர் இருக்கிறது, முகவரிதான் இல்லை என்று கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினேன். பார்த்தார். "ஆனா ஜோசியர் பேரு கொஞ்சம் பெருசா தெரியுதே" என்றார்.

முகவரிகளுக்குப் பதிலாக ஒரு விண்ணப்பப் பக்கம் வைத்தோம், தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றிலும். பத்திரிகை விளம்பரத்துக்கு ஒரு முகவரி, கோயில் நோட்டீஸுக்கு ஒரு முகவரி, தளத்துக்கு ஒரு முகவரி என்று தனித்தனியாகப் பிரித்தேன். எந்த முகவரிக்குக் குப்பை அதிகம் வருகிறது என்று பார்த்து அதை மட்டும் மூடிவிட்டு வேறொன்று திறக்கலாம் அல்லவா? இதை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. வக்கீல் அலுவலகத்தில் ஒவ்வொரு வழக்குக்கும் ஒரு கோப்பு வைத்துப் பழகிய கை, அவ்வளவுதான். வோங் அதைக் கேட்டுவிட்டு மற்ற வாடிக்கையாளர்களுக்கும் சொல்லப் போவதாகச் சொன்னபோது எனக்கு இருந்த பெருமையைச் சொல்லி முடியாது.

இத்தனைக்குப் பிறகும் குப்பை நிற்கவில்லை, குறைந்தது. விண்ணப்பப் பக்கத்தில் ஜாதகத்தையும் புகைப்படத்தையும் இணைக்க வழியில்லாததால் ஆட்கள் மின்னஞ்சலாகவே அனுப்பிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் வோங்கின் கம்பெனி புதிய வடிகட்டி ஒன்றைப் போட்டது. எங்கள் பெட்டிக்கு வருவதற்கு முன்பே சர்வரிலேயே குப்பையைத் தடுத்து அழித்துவிடும், அனுப்பியவருக்குத் தகவல்கூடப் போகாது. போட்ட மறுநாள் பெட்டியைத் திறந்தால் அத்தனை சுத்தம். புவனா அக்கா கேசரி கிண்டிக் கொண்டுவந்தார். கீழே டயர் கடைக்கும் ஒரு தட்டுப் போனது.

லெட்சுமி வந்தது அதற்குச் சில மாதம் கழித்து. செமாபோக்கில் அம்மாவோடு இருந்தாள். அரசாங்கப் பல் கிளினிக்கில் தாதி. முப்பத்தேழு வயது. அப்பா இறந்த பிறகு தங்கைகள் இரண்டு பேரைக் கட்டிக்கொடுத்துவிட்டு, அதற்குப் பிறகுதான் தன் பெயரை எங்களிடம் பதிந்தாள். ஜாதகத்தில் செவ்வாய் வேறு. வந்த இடம் ஒன்றிரண்டும் வயதைக் கேட்டதும் விலகின. ஒவ்வொரு முறையும் புவனா அக்கா தானே போன் அடித்து அவளுக்குச் சொல்லுவார், என்னிடம் விட மாட்டார்.

அன்று வந்தவள் உட்காரவில்லை. கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

"அக்கா, என் பேர எடுத்துருங்க."

"மொதல்ல உக்காரு லெட்சுமி. என்னா நடந்துச்சு?"

"கிளினிக்குக்கு பல்லு புடுங்க வந்த ஒரு அம்மா சொன்னாங்க. சிரம்பான்ல கல்யாண வீட்ல பேசிக்கிட்டாங்களாம். மலாக்கால பல் தாதியா இருக்குற பொண்ணுக்கு ஒரு வீட்லேருந்து ஜாதகம் அனுப்பி ரொம்ப நாளாச்சாம், பொண்ணு வீட்ல பதிலே இல்லயாம். மலாக்கால உங்ககிட்ட பதிஞ்ச பல் தாதி வேற யாரு இருக்கா? எனக்கு வந்தத ஏன்கா எனக்குச் சொல்லல? இது சரியா வராதுன்னு நீங்களே முடிவு பண்ணிட்டீங்களா?"

புவனா அக்காவுக்கு முகம் வெளுத்துவிட்டது. அவரை நான் அப்படிப் பார்த்ததே இல்லை.

"எங்களுக்கு வரலமா. சாமி சத்தியமா வரல."

"வந்துச்சோ வரலயோ, இதோட போதும்கா. தங்கச்சி பிள்ளைங்களப் பார்த்துக்கிட்டு இருந்துருறேன். அம்மாவும் கேட்டுக் கேட்டு அழுவுறாங்க. எடுத்துருங்க."

"ஒரு வாரம் குடு" என்றார் அக்கா. "ஒரே வாரம். அப்புறம் நானே எடுத்துருறேன்."

அவள் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். படியிறங்கிப் போய்விட்டாள். யார் அனுப்பினார்கள் என்று அவளுக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. எங்கள் நிலையத்தில் பொருத்தம் பார்த்து முடிக்கும்வரை இரு வீட்டுக்கும் ஒருவர் போன் நம்பரை ஒருவருக்குத் தர மாட்டோம். தளத்தில் பெயர்கூட இருக்காது; பதிவு எண், ஊர், வேலை மட்டும்தான். எல்லாம் எங்கள் வழியாகத்தான். அதனால் நடுவில் நாங்கள் ஊமையானால் இரண்டு பக்கமும் ஊமைதான்.

நான் உடனே வோங்கை அழைத்து, ஒலிபெருக்கியில் போட்டேன். வடிகட்டி தடுத்த கடிதங்களைப் பார்க்க முடியுமா என்று மலாயில் கேட்டேன். கடிதங்கள் சர்வரில் தங்குவதே இல்லை, வாசலிலேயே தடுத்துவிடுவதால் உள்ளே என்ன எழுதியிருந்தது என்று யாருக்கும் தெரியாது என்றார். யார் அனுப்பினார், எப்போது என்ற விவரம் மட்டும் இருக்குமாம். அதையாவது சொல்லுங்கள் என்றேன். ஒவ்வொன்றாக வாசிக்கத் தொடங்கினார். பாதிக்கு மேல் வாயில் நுழையாத முகவரிகள், நடாஷாவின் சொந்தக்காரர்கள். அவை எல்லா நாளும் எல்லா நேரமும் வந்திருந்தன. நடுநடுவே நம் ஆட்களின் பெயர் போல் தெரிந்தவை வந்தன. அவற்றை மட்டும் வாசிக்கச் சொன்னேன். வெள்ளி, பகல் பன்னிரண்டுக்கு மேல். வெள்ளி, பன்னிரண்டுக்கு மேல். மறுபடியும் வெள்ளி.

புவனா அக்கா மேசையைத் தட்டினார்.

"நிறுத்தச் சொல்லு தனம். எல்லாம் வெள்ளிக்கெழமையா?"

"ஆமாக்கா."

"ராகு காலம் முடிஞ்ச ஒடனே!"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. பெண்ணின் ஜாதகத்தையோ பையனின் ஜாதகத்தையோ நம்மில் யார் ராகு காலத்தில் வெளியே எடுப்பார்கள்? தபாலில் போட்ட காலத்திலும் அப்படித்தான், மின்னஞ்சல் வந்த பிறகும் அப்படித்தான். வெள்ளி நல்ல நாள். காலையில் வேலை, பிறகு ராகு காலம். அது முடியும் பன்னிரண்டு மணியை ஒட்டி, முஸ்லிம்களின் தொழுகைக்காக அரசாங்க அலுவலகங்களில் நீண்ட இடைவேளை விடுவார்கள். நம் ஆட்கள் அந்த நேரத்தில் சைபர் கஃபேக்குப் போய், சாமியை நினைத்துக்கொண்டு, எல்லோரும் ஒரே நேரத்தில் அனுப்புகிறார்கள். முன்பின் தெரியாத பல பேர், சில நிமிஷத்துக்குள், ஒரே மாதிரி தலைப்பு, ஒவ்வொன்றிலும் இரண்டு படம். வடிகட்டிக்கு என்ன தெரியும்? குப்பை என்று அழித்துவிட்டது. நல்ல நேரம் பார்த்து அனுப்பியவர்களைத்தான் தேர்ந்தெடுத்து அழித்திருக்கிறது.

இதை வோங்குக்கு எப்படி விளக்குவது என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை. "என் அம்மாவும் நாள் பார்க்காமல் கட்டிலைக்கூட நகர்த்த மாட்டார்" என்றார். அன்றே வடிகட்டியை மாற்றினார். இனி எதையும் வாசலில் அழிக்காது, சந்தேகப்படுவதைத் தனிப் பெட்டியில் ஒதுக்கி வைக்கும், மனிதக் கண் ஒன்று பார்த்த பிறகுதான் அழியும். தடுக்கப்பட்ட முகவரிகள் அனைத்தையும் எனக்கு அனுப்பியும் வைத்தார். அவர் கம்பெனிக்கு நாங்கள் மிகச் சின்ன வாடிக்கையாளர். அவ்வளவு மெனக்கெட வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை. அந்தப் பிள்ளை எங்கிருந்தாலும் நன்றாக இருக்க வேண்டும்.

அந்த முகவரிகளில் நம் ஆட்கள் என்று தோன்றிய எல்லோருக்கும் எழுதுவது என்று முடிவானது. ஒரே கடிதத்தை எல்லோருக்கும் சேர்த்து அனுப்பலாம் என்று நான் சொன்னேன். புவனா அக்கா ஒத்துக்கொள்ளவில்லை.

"மரியாதை இல்லாம ஒரே லெட்டரா? ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா எழுது. தவறு எங்கமேலன்னு மொத வரிலேயே எழுது."

எழுதினேன். தங்கள் கடிதம் எங்கள் இயந்திரத்தின் பிழையால் எங்களுக்கு வந்து சேரவில்லை, நாங்கள் பார்த்து ஒதுக்கவில்லை, மன்னித்து மீண்டும் அனுப்புங்கள் என்று. கொஞ்சம் அனுப்பியதும் என் கடிதங்களே திரும்பி வரத் தொடங்கின. என்னவென்று பார்த்தால், குறுகிய நேரத்தில் ஒரே மாதிரி கடிதங்களை அனுப்புகிறேன் என்று மற்ற கம்பெனிகளின் வடிகட்டிகள் என்னையே குப்பைக்காரி ஆக்கிவிட்டிருந்தன. கோபம் வந்தது, அப்புறம் சிரிப்பு வந்தது. அதன் பிறகு சில கடிதம் அனுப்புவது, எழுந்து டீ குடிப்பது, ஒவ்வொரு கடிதத்திலும் வார்த்தைகளை மாற்றுவது என்று ஆறப்போட்டு அனுப்பினேன். ஒவ்வொரு கடிதத்தையும் புதிதாக யோசித்து எழுதியதில் என் தமிழ் நன்றாகத் தேறியது என்றுதான் சொல்ல வேண்டும்.

பதில்கள் வந்தன. சிலர் திட்டினார்கள். சிலர் தங்கள் பெண்ணுக்கு வேறு இடத்தில் முடிந்துவிட்டது என்று அழைப்பிதழையே அனுப்பினார்கள். பலர் மறுபடி ஜாதகம் அனுப்பினார்கள். அவர்களில் லெட்சுமியின் பதிவு எண்ணைக் குறிப்பிட்டு எழுதியவர் ஒரே ஒருவர். பெயர் சேகரன், சிரம்பான், லாரி கம்பெனியில் குமாஸ்தா, நாற்பத்தொரு வயது, மனைவி இறந்து இரண்டு வருஷம் ஆகிறது. கடிதம் சுருக்கமாக, மரியாதையாக இருந்தது. ஜோதிடரிடம் அவசரமாகக் காட்டினோம். சேகரனுக்கும் செவ்வாய். பொருத்தம் இருக்கிறது என்றார் ஜோதிடர்.

லெட்சுமிக்குக் கொடுத்த வாரம் முடிய இன்னும் இரண்டு நாள் இருந்தது. அவளை வரவழைத்து உள் அறையில் உட்கார வைத்துவிட்டு, புவனா அக்கா சிரம்பானுக்குப் போன் அடித்தார். எந்த மாப்பிள்ளையையும் கடிதத்தை மட்டும் நம்பி அவர் ஏற்றுக்கொண்டதில்லை. குரலைக் கேட்க வேண்டும். ஒலிபெருக்கியில்தான் பேசுவார், நான் பக்கத்தில் இருந்து குறிப்பெடுக்க வேண்டும். வேலை, சம்பளம், வீடு என்று எதுவும் முதலில் கேட்க மாட்டார்.

"தம்பி, சாப்டாச்சா? வீட்ல யாரு யாரு இருக்கீங்க?"

"அம்மா இருக்காங்க. நானு..." என்று நிறுத்தினார் சேகரன்.

அக்கா அவசரப்படவில்லை. காத்திருந்தார்.

"அக்கா, ஒன்னு சொல்லணும். எனக்கு ஒரு மக இருக்கா. எட்டு வயசு. இப்ப அனுப்புன லெட்டர்ல அத எழுதல."

"ஏன்பா எழுதல?"

"மொத லெட்டர்ல எழுதியிருந்தேன்கா. மொத வரியே அதான். மகள ஏத்துக்கிற மனசு இருந்தா மட்டும் மேல படிங்கன்னு எழுதுனேன். பதிலே வரல. மகள வச்சுத்தான் வேணாம்னுட்டாங்கன்னு நெனச்சேன். இந்தத் தடவ அம்மா சொன்னாங்க, மொதல்ல பொண்ணு வீட்ல பார்க்கட்டும், அப்புறம் சொல்லிக்கலாம்னு. நானும் சரின்னுட்டேன். அனுப்புனதுலேருந்து தூக்கம் இல்லக்கா. நீங்க கேக்கலன்னாலும் சொல்லியிருப்பேன்னு நெனக்கிறேன். தெரியல."

புவனா அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானும்தான். ஒரு நேர்மையான மனிதனுக்கு உண்மை எழுதினால் பதில் வராது என்று நாங்கள் கற்றுக்கொடுத்திருக்கிறோம், எங்களுக்குத் தெரியாமலே.

"தம்பி, ஒங்க மொத லெட்டர யாருமே பார்க்கல. நான் பார்க்கல, பொண்ணும் பார்க்கல. மிசின் தின்னுருச்சு."

அந்தப் பக்கம் சேகரன் நாற்காலியை இழுத்து உட்காரும் சத்தம் கேட்டது.

"அப்ப... அவங்க வேணாம்னு சொல்லலயா?"

"சொல்லவே இல்லப்பா. கொஞ்சம் இருங்க, லைன்லயே இருங்க."

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஓய்வு பெறும்வரை தினமும் காலையில் அந்தத் தனிப் பெட்டியைத் திறந்து, அழிப்பதற்கு முன் ஒவ்வொரு கடிதத்தையும் ஒரு முறை கண்ணால் பார்த்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை மதியமும் இன்னொரு முறை. சலிப்பான வேலைதான். நடாஷாக்களுக்கும் லாட்டரிக்காரர்களுக்கும் நடுவே ஒருவர் தன் வாழ்க்கையை எழுதி வைத்துவிட்டுக் காத்திருக்கலாம் என்பதை எனக்குக் காட்டியது அந்த ஒரு வாரம்தான். அப்படி ஒரு வேலை எனக்குக் கிடைத்ததற்கும், புவனா அக்கா போல ஒருவரின் கீழ் அதைச் செய்ததற்கும் நான் கும்பிடாத நாளில்லை. செயலி வரட்டும், அதற்கு மேலானது வரட்டும். ஒதுக்கி வைத்ததைத் தினம் ஒருவர் பார்க்கட்டும், நான் கேட்டுக்கொள்வது அவ்வளவுதான்.

புவனா அக்கா போனை மேசையில் வைத்துவிட்டு உள் அறைக்குப் போனார். நானும் பின்னால் போனேன். நடந்ததை ஒன்று விடாமல் லெட்சுமியிடம் சொன்னார். மகள் இருப்பதையும் சொன்னார், அதை இரண்டாவது கடிதத்தில் மறைத்ததையும் சொன்னார், ஏன் மறைத்தார் என்பதையும் சொன்னார். எதையும் பூசி மெழுகவில்லை.

"இப்பவும் எடுத்துறச் சொன்னா ஒன் பேர எடுத்துருறேன்மா. ஒன் இஷ்டம்" என்றார்.

லெட்சுமி கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டே தரையைப் பார்த்திருந்தாள். கீழே யாரோ டயரை உருட்டிப் போட்டார்கள். நான் போய் லைன் துண்டிக்கப்படாமல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தேன்.

"எட்டு வயசா?" என்றாள் கடைசியில்.

"எட்டு."

"அவளோட அம்மா போயி எவ்வளவு நாளாச்சாம்?"

"ரெண்டு வருஷம் ஆவுதாம்."

"அப்ப அந்தப் புள்ளைக்கு பல்லு விழுந்தப்ப அம்மா இல்ல" என்றாள் லெட்சுமி. பிறகு தலையை நிமிர்த்திப் புவனா அக்காவைப் பார்த்தாள். "மேல முன்பல்லு ரெண்டும் மொளைச்சிருச்சான்னு கேளுங்கக்கா. இந்த வயசுல கவனிக்கணும்."

புவனா அக்கா போனை எடுத்துக்கொண்டு வந்து அவள் முன்னால் வைத்தார். லெட்சுமிக்குக் கூச்சம். அக்காதான் கேட்டார்.  அந்தப் பக்கம் சேகரன் மகளைக் கூப்பிடுவது கேட்டது. காலடிச் சத்தம் ஓடி வந்தது. மூச்சு வாங்கிக்கொண்டு ஒரு சின்னக் குரல் போனில் சொன்னது:

"ஒன்னுதான் மொளைச்சிருக்கு ஆண்ட்டி. இன்னொன்னு இப்பதான் வருது."